கனவினுள்ளும் விழிப்பு



ஆலைச் சங்கு கேட்டு எழுந்து பழகிய நாம், பின்யாமத்தில் கனவு கலைந்து விழிப்பதும் உண்டு. கனவில் துரத்தும் உருவுக்கு அஞ்சி விழித்தவர் மீண்டும் கண்மூடவே அஞ்சுவர். அவர்க்கு ஒரு வழி உளது.

விழித்தவுடன் புரளாமலும் விளக்கேற்றாமலும் கிடப்போமாக. கலைந்த கனவை ஒருமுறை முழுதும் நினைந்து, "இனிக் காண்பதைக் கனவென்றே அறிவோம்" என உறுதிபூண்டு, மூச்சைக் கவனித்தவாறே துயில்வோமாக. அக்கனவு மீளுமாயின், ஓடாது நின்று அதனை நோக்குவோமாக. இது ஓரிரவிற் கைகூடுவதன்று. பழகப் பழக வாய்ப்பது.

இது வெறுங் கற்பனையுமன்று. கனவு மிகுந்த துயில்நிலை ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து, விடியல் நெருங்க நீளும். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்பார், உறங்குபவர் ஒருவர் கனவினுள்ளிருந்தே முன்பு பேசிவைத்தபடி விழியசைத்துக் குறிகாட்டியதைக் கருவியிற் பதிந்தார். திபெத்திய பௌத்தரோ நாரோபாவின் ஆறு யோகங்களுள் ஒன்றாகக் கனவு யோகத்தைப் பல நூற்றாண்டுகளாகப் பயில்கின்றனர். ஸதிபட்டான சூத்திரமும் உண்ணல், நடத்தல்களோடு துயிலலையும் விழித்தலையும் தெளிந்த அறிவோடு செய்யப் பணிக்கின்றது.

உழைப்போர் இதன்பொருட்டு உறக்கத்தைக் கெடுத்தலாகாது. தானே வரும் விழிப்பே போதும். கனவில் விரும்பியவற்றைத் துய்த்தலும் நம் நோக்கமன்று. துரத்துவோனும் ஓடுவோனும் நம் உள்ளத்தின் ஆக்கமே என அறிதலே பயன். இரவில் இதனைக் கண்டவர், பகலிற் சினம் எழும்போதும் "இதுவும் உள்ளத்தில் எழுந்ததே" எனக் கண்டு அடங்குவர்.

எல்லா உயிரும் அச்சமின்றித் துயில்க! இனிதே விழித்தெழுக!