கீழே வரும் பெயர்

சென்ற ஆண்டு ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் எடுத்த ஒரு புகைப்படத்தை நான் விற்கலாமா, கூடாதா என்பதுதான் விஷயம். இதை ஒரு தார்மீகப் பிரச்னையாக எடுத்துப் பேசுவது சில நண்பர்களுக்கு வேடிக்கையாகப் படலாம். 5,000 ரூபாய், ஒரு கையெழுத்து. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வங்கிக் குமாஸ்தா. சாத்தூர் வட்டாரத்தில் ஒரு கிளையில் வேலை. விடுமுறை நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைவது பத்து வருஷப் பழக்கம். இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற மணலில் அன்று வழக்கம்போல் பெருங்கூட்டம். கோயிலுக்குள் நான் எடுக்கவில்லை. கோயில்களில் கைபேசியே கூடாதென்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் சொல்லியாயிற்று. நான் எடுத்தது வெளியே, வெட்டவெளியில். ஈரச் சேலையும் வேப்பிலையுமாக ஒரு பெண், கையில் அக்கினிச்சட்டி. கண்கள் மூடியிருக்கின்றன. புகை ஒரு கணம் விலகி முகம் முழுதாகத் தெரிகிறது. அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த முகம் இருந்திருக்காது. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிற சமாதானம் இது. பொய்யான சமாதானம் என்றும் சொல்ல முடியவில்லை.

சித்திரை வாக்கில் சிவகாசியிலிருந்து ஒரு காலண்டர் ஏஜெண்ட் வந்தார். அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை ஆடிப் பதினெட்டில் வெளியிடுவது அங்கே அச்சகங்களின் வழக்கம். அதற்குள் படம் வேண்டும். வரைந்த அம்மன் படங்கள் சலித்துவிட்டன, நிஜமான பக்தி வேண்டும் என்றார். இந்தக் கரிசல் பிரதேசத்தின் சாமி படங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஏறின. அந்தத் தெய்வங்கள் யாரும் தன் முகத்தை இப்படி எடுத்துப் போட்டது ஏன் என்று ஓவியரைக் கேட்கப் போவதில்லை. புகைப்படம் வந்ததும் அந்தச் சௌகரியம் போய்விட்டது.

கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்ப்பது என் தொழில் எனக்குக் கொடுத்த புத்தி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர் என்கிறது சட்டம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, என் ஆயுள் முடிந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் என் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். பதினேழாம் பிரிவில் ஒரு விதிவிலக்கு: ஒருவர் காசு கொடுத்துத் தன் தேவைக்காக எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை அவருக்கே. அதாவது அவள் சாத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் பணம் கொடுத்து உட்கார்ந்திருந்தால் படம் அவளுடையது. கேட்காமல், அவள் அறியாமல் நான் எடுத்ததால் அது என்னுடையது. இதில் சட்டத்தின் தவறு எதுவும் இல்லை. சட்டம் உழைப்பையும் செலவையும் கணக்கிடுகிறது. ஆனால் இந்த வாசகத்தை இரண்டு தரம் படித்தபோது என் உரிமையில் எனக்கு இருந்த நிம்மதி குறைந்தது.

பத்தொன்பதாம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பிரதேசம் என்று குறிக்க வேண்டும். காலம் குறிக்கத் தவறினால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கத் தவறினால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்கிறது. என்னுடைய அசட்டையை முன்கூட்டியே யோசித்து என்னைக் காப்பாற்ற ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பவளின் அசட்டைக்கு அந்தச் சட்டத்தில் வேலி இல்லை.

என் உத்தியோகத்தின் பக்கமிருந்தும் ஒரு கேள்வி. வங்கி ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய 2002 ஏப்ரல் 10 ஒப்பந்தப்படி, வங்கியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளியில் வியாபாரம் செய்வது பெருந்துர்நடத்தை. ஒரு படம் விற்றால் வியாபாரமா, பத்து விற்றால்தானா? பொழுதுபோக்கு எந்த இடத்தில் வியாபாரமாகிறது என்பதை ஜி.எஸ்.டி.காரர்கள் தங்கள் வழியில் அளக்கிறார்கள்: சேவையானால் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு. என் 5,000 ரூபாய் அவர்கள் கண்ணில் படாது. அனுமதிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் என் பக்கத்துச் சட்டம் முடிந்தது.

அவள் பக்கத்துச் சட்டம் வேறிடத்தில் இருக்கிறது. 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜகோபால் வழக்கு, நக்கீரன் பத்திரிகைக்கும் தமிழ்நாடு அரசுக்கும் நடந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடலாமா என்பது விவகாரம். பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதியின்றியும் வெளியிடலாம் என்ற அந்தத் தீர்ப்பைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே தீர்ப்பில்தான், ஒருவரின் பெயரையோ சாயலையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கு, அல்லது வேறெதற்கும், பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்ற கருத்தும் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்தார்கள். 2015இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் சாயலையும் ஒரு இந்திப் படம் எடுத்தாள்வதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அக்கினிச்சட்டி எடுத்தவளுக்கும் உரிமை உண்டு. அதற்கு அவள் வக்கீல் பிடிக்க வேண்டும்; அதற்குமுன் அந்தக் காலண்டர் அவள் கண்ணில் பட வேண்டும்.

கவிஞரான நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கலை அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்றார். அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பும் இருக்கிறது. பிலிப் லோர்கா டிகோர்ஸியா என்பவர் நியூயார்க் தெருவில் போவோர் வருவோரை அவர்கள் அறியாமல் எடுத்து 2001இல் கண்காட்சி வைத்தார். படங்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போயின. அதில் இருந்த வைதிக யூதர் ஒருவர், உருவம் பதிவது தன் மதத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். இது கலை, விற்பதால் கலை என்பது போய்விடாது என்று 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் கலைக்கு உரிமை உண்டு என்பது ஒன்று, கலைஞனுக்குக் கடன் இல்லை என்பது வேறொன்று. நண்பர் முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் நிரூபித்ததாக எண்ணிக்கொண்டார்.

கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று எனக்கே தோன்றியது. கேட்கச் சந்தர்ப்பமும் வந்தது. வைகாசியில் ஒரு நாள் நகைக்கடனைப் புதுப்பிக்க வந்தவளை நிமிர்ந்து பார்த்தேன். அவளேதான். கணவர் பட்டாசுக்கு மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்தவர். தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாராம். “உசுரு திரும்பினாச் சட்டி எடுக்கேன்னு நேந்துக்கிட்டேன் சார்” என்றாள். கணினியில் படத்தைக் காட்டினேன். ஒரு காலண்டருக்குக் கேட்கிறார்கள், கொடுக்கட்டுமா என்றேன். நான் முடிக்குமுன்பே, “குடுங்க சார், அதுக்கென்ன” என்றாள்.

அவள் நகைப்பை என் மேஜைமேல் இருந்தது. கடன் சீட்டு என் கையில் இருந்தது.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். “சார், காலண்டர்ல கீழ ஒரு பேரு போடுவாங்கள்ல, அது யாரு பேரா இருக்கும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. அச்சகம் அந்த இடத்தைக் காலியாகத்தான் அடிக்கிறது. வாங்குகிற நகைக்கடையோ மளிகைக்கடையோ தன் பெயரை அதில் அடித்துக்கொள்ளும். “பட்டாசுக் கம்பெனி பேரு வராதுல்ல?” என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, “வந்தாலும் பரவால்ல சார். சும்மா கேட்டேன்” என்று போய்விட்டாள்.

சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வது அவள் முதலில் சொன்னதை. ஆனால் அது கவுண்டருக்கு இந்தப் புறம் இருந்தவனுக்குச் சொன்ன பதில். ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கு முழு மதிப்பு இல்லை என்பதைச் சட்டமும் அறியாததல்ல. இதே வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழில்தான் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 தீர்ப்பில் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வேலைக்கு வைத்தவர் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, தொழிற்சட்டத்தை மீறி வேலை செய்யக் காணப்படும் குழந்தை பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை. அடையாளம் தெரியும்படி அதன் படத்தை வெளியிடுவது குற்றம். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கிடுங்க என்று சொன்னான் என்பது பதிலாகாது. வயது வந்தவளுக்கு இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அது அவளை மறுபடி குழந்தையாக்குவதாகும். அவளுடைய நிலையில் சம்மதத்தைவிட அவள் கேட்ட கேள்விதான் உண்மையான பேச்சு என்கிறேன். தன் முகம் எந்தப் பெயருக்குமேல் தொங்கப் போகிறது என்பதை அவள் அறிய விரும்பினாள். விற்பது என்பதோ, அதை அறிய முடியாத இடத்துக்கு அனுப்புவது.

டாரத்தி லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம் அரசாங்கத்துக்காக எடுத்தது. அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. லாங் அதை விற்றுச் சம்பாதிக்கவில்லை. இருந்தும் 1978இல் அந்தத் தாய் தன் பெயரோடு வெளியே வந்து, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வந்ததில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று குறைபட்டுக்கொண்டார். பணம் வந்திருந்தால் குறை தீர்ந்திருக்குமா? தன்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல் தான் ஒரு சின்னமாக்கப்பட்டதும் அந்தக் குறையில் சேர்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஏஜெண்டிடம், பட்டாசுக் கம்பெனிக்குக் கொடுப்பதில்லை என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. “சிவகாசியில இருந்துக்கிட்டு அதெப்படி சார்?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் விற்கவில்லை.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு 5,000 ரூபாய் ஒரு நஷ்டமல்ல. அவளிடமே கொடுத்து விற்றிருந்தால் ஒரு மாத வட்டி அடைந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. படம் என்னிடம்தான் இருக்கிறது. விற்காமல் வைத்துக்கொள்வதும் ஒரு உடைமைதான். ஒரு பிரதி போட்டு அவளிடம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

இதைப் படிக்கப் போகிற நூறு பேரில் பெரும்பாலானோர் எழுதுகிறவர்கள். அத்தையின் சாவையும் பக்கத்து வீட்டுக்காரனின் சீரழிவையும் பெயர் மாற்றி எழுதிவிட்டு, அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறோம். நம்மை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. நானும் இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன். இம்முறையும் கேட்கவில்லை. இந்தப் பத்திரிகை சன்மானம் தருவதில்லை, ஆகவே விற்றதாகாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கட்டுரைக்குக் கீழே ஒரு பெயர் வருகிறது. அது அவள் பெயர் அல்ல.