அந்தத் தெருவில் தூங்குகிறவர்கள்

திருமயம் கோட்டையில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியில் இருக்கும் பீரங்கியைப் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். ஏறும் வழியில், பாதித் தூரத்தில், வலப்பக்கம் ஓர் அறை இருக்கிறது. அங்கே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டையில் வெடிமருந்து வைத்திருந்த அறை அது. பீரங்கியை எல்லோர் கண்ணிலும் படும்படி உச்சியில் நிறுத்தியவர்கள், அதற்கான மருந்தை அதன் பக்கத்திலேயே குவித்து வைக்கவில்லை. தனி அறை, தனிச் சுவர், நடுவே ஏறி இறங்க வேண்டிய தூரம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தத் தூரத்தை யாரோ யோசித்து விட்டிருக்கிறார்கள்.

தமிழில் இந்தப் பொருளுக்கு மருந்து என்றுதான் பெயர். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, வேட்டுக்கு இடிப்பதும் மருந்து. வெடியுப்பும் கந்தகமும் கரியும் தனித்தனியாக இருக்கும்வரை சாதுவானவை. ஒன்றாகச் சேர்ந்தால் கரிமருந்து. எந்த மருந்தானாலும் எவ்வளவு, யார் கையில், எங்கே என்ற மூன்று கேள்விகள் கூடவே வரும். வைத்தியரிடம் நாம் கேட்பதும் இவைதான், வெடிமருந்துச் சட்டம் கேட்பதும் இவைதான்.

என் சிறு வயதில் எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்கு அதிர்வேட்டுப் போட ஒரு பெரியவர் வருவார். புதுக்கோட்டைச் சீமையில் மாசி, பங்குனி வந்தால் மாரியம்மன் கோயில்களில் காப்புக் கட்டுவார்கள். வேட்டுச் சத்தம் கேட்டால்தான் சாமி புறப்பட்டுவிட்டது என்று நாலு ஊருக்குத் தெரியும். அவருடைய கொட்டகை ஊருக்குள் இல்லை. கண்மாய்க் கரையைத் தாண்டி, பொட்டல் நடுவில், கீற்று வேய்ந்த ஒற்றைக் கொட்டகை. உள்ளே போகும்போது செருப்பை வெளியே விடுவார். மடியில் இருக்கும் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் கரையில் உள்ள வேப்பமரத்துப் பொந்திலேயே வைத்துவிட்டுத்தான் வருவார். மருந்து கிண்ட மரக்கரண்டி, அள்ள ஓலைப்பெட்டி. இரும்பு எதுவும் உள்ளே போகாது. வாசலில் எப்போதும் இரண்டு குடம் தண்ணீர். நாங்கள் கரையைவிட்டு இறங்கினாலே சத்தம் போடுவார்.

ஒரு நாள் அப்பா அவரிடம் கேட்டார். "ஏண்ணே, இம்புட்டுத் தூரம் வெயில்ல நடந்து வர்றீங்களே, வீட்டுலயே ஒரு மூலையில வச்சுக்கிட்டா என்ன?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "வீட்டுல வச்சா, அந்தத் தெருவுல நான் ஒருத்தனா தூங்குறேன்?"

அவரிடம் உரிமம் இருந்ததா, எந்த விதி எத்தனை மீட்டர் சொல்கிறது என்று அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது. ஆனால் விதிகள் எழுதப்படுவதற்கான காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் வெடிபொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1884இல் வந்தது. இன்றும் அதுவே நடப்பில் உள்ள அடிப்படை. அதை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவர மத்திய அரசு 2024இல் ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அந்த வரைவின்படி, உரிமம் பெற்றவர் எவ்வளவு மருந்து செய்யலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்ற அளவு உரிமத்திலேயே குறிக்கப்படும். விதியை மீறி வைத்திருந்தாலோ விற்றாலோ 3,000 ரூபாயாக இருந்த அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ஆகும். விதி மீறித் தயாரித்தால் ஒரு லட்சம் வரை போகும்.

துப்பாக்கிச் சட்டம் அதற்கு முன்பே இறுகிவிட்டது. அமெரிக்காவில், சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டில் வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்புவது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது ஏழாண்டு, ஆயுள் வரைக்கும் சிறை. அதே திருத்தத்தில், ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்கத்தான் முதலில் எண்ணினார்கள். பரம்பரைத் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்களும் சுடும் போட்டி வீரர்களும் குரல் கொடுத்தார்கள், அது இரண்டானது. அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் நாட்டுத் துப்பாக்கியின் வாய்வழியே மருந்து இடித்துக் கொக்கும் காடையும் சுட்டுப் பிழைத்த நரிக்குறவர்களின் குரல் அப்படி எங்கே எட்டியது? 1972இன் வனவிலங்குச் சட்டம் அவர்களின் தொழிலை எடுத்தது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் ஒப்பியது 2022 டிசம்பரில். நடுவில் ஐம்பது ஆண்டுகள். பிழைப்பை எடுக்கும் விதி அன்றே வந்துவிட்டது, மாற்று வழி தரும் விதிக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் ஆனது.

இந்த மண்ணில் விதி என்றதும் முகம் சுளிக்க வேறொரு காரணமும் உண்டு. மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பரில் தெற்குப் பாளையங்களில் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி அரசு அறிவித்தது. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. குடிமக்களைப் பார்த்து அரசு பயந்ததால் பிறந்த விதிகள் அவை. அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்து நாம் பயப்படுவதால் பிறக்கும் விதி வேறு. எழுத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. விதி போடுகிறவர் அந்த விதிக்குத் தானும் கட்டுப்படுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

பார்த்தால் மனம் நோகிறது. 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், ஏறத்தாழ 700 டன், சென்னை மணலியில் கண்டெய்னர்களில் ஐந்து ஆண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் இதே சரக்கு 2,750 டன் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், மணலியிலிருந்து அது ஐதராபாத்துக்கு நகர்ந்தது. விதியை மீறியவரிடமிருந்து பிடுங்கிய பொருளை, விதியைக் காக்க வேண்டியவர்களே மறந்துபோனார்கள். எங்கோ ஒரு நகரம் எரிந்துதான் அதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

இன்னும் அருகே வருகிறேன். நார்த்தாமலை என்றால் விஜயாலய சோழீச்சரம் நினைவுக்கு வரும், முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா நினைவுக்கு வரும். 2021 டிசம்பர் 30க்குப் பிறகு எனக்கு ஒரு சிறுவன்தான் நினைவுக்கு வருகிறான். பசுமலைப்பட்டித் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு குண்டு வந்து பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்தான். அந்தக் குண்டு திருட்டுத்தனமாகக் கொட்டகையில் செய்ததல்ல. கணக்கில் உள்ள குண்டு, படையின் துப்பாக்கி, அரசின் தளம். எல்லாம் சட்டப்படி இருந்தது, தூரத்தைத் தவிர.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு வேட்டுக்காரப் பெரியவரின் குரல்தான் கேட்டது. அவர் அளந்து வைத்த தூரத்தை, அத்தனை கருவிகளும் அதிகாரமும் உள்ளவர்கள் அளக்கத் தவறிவிட்டார்கள். அளப்பதற்கு நாடா போதாது. அந்தத் தெருவில் தூங்குகிறவனின் முகமும் மனத்தில் இருக்க வேண்டும்.

என் வீடு, என் பொருள், என் பொறுப்பு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பானையும் பாயும் என் சுவரோடு முடிந்துவிடும். மருந்து அப்படி முடியாது. அதை வைத்திருக்கிறவர் அரசனானாலும் நரிக்குறவரானாலும், படைவீரரானாலும் வேட்டுக்காரரானாலும், அதில் அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு இருக்கிறது. பலனில் பங்கில்லை, ஆபத்தில் மட்டும் பங்கு. அந்தப் பங்குக்கு அவருக்குக் கொடுக்க வேண்டிய ஈடுதான் தூரம், அளவு, கவனம். விதி என்பது அந்தக் கடனை எழுதி வைத்த சீட்டு. எழுதாவிட்டாலும் கடன் கடன்தான்.

ஆகவே புதிய சட்டம் வரட்டும், அளவு குறிக்கட்டும், அபராதம் உயரட்டும். கூடவே, கண்மாய்க்கு அப்பால் கொட்டகை போட இடமில்லாத சிறு வேட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே பாதுகாப்பான பொதுக் கிடங்கு ஒன்றையும் அது கட்டித் தரட்டும். அவர் படிக்கும் தமிழில் விதியை அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும். பசுமலைப்பட்டியின் தூரத்தையும் அதே நாடாவால் அளக்கட்டும்.

அடுத்த முறை திருமயம் போனால், அந்த அறைமுன் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். இப்போது அங்கே மருந்து இல்லை, வெறும் இருட்டுதான். ஆனால் அதைத் தனியே கட்டியவர் மனத்தில் கீழே ஊர் இருந்திருக்கும், ஊருக்குள் ஒரு தெரு இருந்திருக்கும், அந்தத் தெருவில் யாரோ நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.