கத்ர் என்று சொல்லித் தப்பிக்கலாமா?



அஞ்சுகிராமத்திலிருந்து திருவனந்தபுரம் சென்று வளைகுடாவுக்கு விமானம் ஏறும் பிள்ளைகளை துஆ செய்து அனுப்பி வைக்கிறோம். 1996 நவம்பர் 12 மாலை டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானத்திலும் அப்படிப் பிழைப்புத் தேடிப் போனவர்கள் ஏராளம். ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானத்துடன் அது மோதியது. இரண்டிலும் இருந்த 349 பேரும் மவுத்தானார்கள்.

சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டு அறை உயரம் குறித்துக் கொடுத்திருந்தது. எதிரே விமானம் வருவதையும் சொன்னது. ஆனால் கஜகஸ்தான் விமானம் தன் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. தவறு அதன் ஊழியர்களுடையது என்றது லகோட்டி விசாரணை ஆணையம். அன்றைய டெல்லி ரேடாரோ விமானத்தின் உயரத்தைக் காட்டாது. வரவும் போகவும் ஒரே வான்பாதை. மோதலை எச்சரிக்கும் கருவி இரு விமானங்களிலும் இல்லை; இந்தியாவில் அது கட்டாயமானது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

"எல்லாம் கத்ர்" என்று இதை முடித்துவிடலாமா? கத்ரை நம்புவது நம் ஈமான். ஆனால் சூரா நிஸாவின் 92ஆம் வசனத்தைப் பாருங்கள். தவறுதலாக ஓர் உயிர் போனால் அது கொலைக்குற்றம் ஆகாது. ஆனாலும் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு, கஃப்பாராவும் உண்டு. எண்ணம் இல்லாததால் கொலைப் பழி இல்லை. உயிர் போனதால் பொறுப்பு இருக்கிறது. கத்ர் என்பது பறிகொடுத்தவர் தன் மனதுக்குச் சொல்லும் ஆறுதல். தவறு செய்தவர் அவரிடம் சொல்லும் சாக்கு அல்ல.

பழிவாங்குவதும் நீதி அல்ல. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்துக் கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஊழியர்தான் பணியில் இருந்தார். உடனிருந்தவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். தொலைபேசி இணைப்பில் பராமரிப்பு வேலை நடந்தது. மனைவி மக்களைப் பறிகொடுத்த ஒருவர் 2004இல் அந்த ஊழியரைக் கொன்றார். அவரைத் தனியாக விட்டது யார் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வந்து, 2007இல் மேலாளர்கள் நால்வர் தண்டிக்கப்பட்டார்கள்.

சகோதரர்களே, வேன் ஓட்டுபவர், கரண்டு வேலை செய்பவர், மருந்துக்கடையில் நிற்பவர், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர் எல்லோர் கையிலும் பிறர் உயிர் அமானிதமாக இருக்கிறது. புரியாததைத் திரும்பக் கேட்பதில் வெட்கமில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றும் ஆளை வேலைக்கு நிறுத்தாதீர்கள். தவறு நடந்துவிட்டால், பாதிக்கப்பட்டவரின் வாசலுக்கு முதலில் போய் நில்லுங்கள்.

அமானிதத்தைப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.