நிறம் மாற்றுதலும் இலேசியை மாறுதலும்



குரோம்பேட்டை இரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கி வந்தால் நாம் குடியிருக்கும் அஸ்தினாபுரம். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியுள்ள இப்பகுதிக்கு இப்பெயர் வாய்த்தது நம்மவர்க்கு ஒரு பேறு. சாந்திநாதர், குந்துநாதர், அரநாதர் என்னும் மூன்று தீர்த்தங்கரர்கள் பிறந்தருளிய நகரின் பெயரன்றோ இது! ஓராண்டுக்கும் மேல் உணவின்றி நடந்த ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்ததும் அந்நகரிலேதான். அங்கே பிறந்த மூவரும் சக்கரவர்த்திகளாகவும் இருந்தவர்கள். சக்கரவர்த்திக்கு எண்பத்து நான்கு இலட்சம் தேர்களும் பதினெட்டுக் கோடிக் குதிரைகளும் உண்டு என்று புராணம் கூறும். அவற்றையெல்லாம் ஒரு நாளில் விட்டு நடந்தவர்கள் அவர்கள். நமது அஸ்தினாபுரத்திலோ சென்ற திங்கள் இருநூற்று முப்பது குதிரைத்திறன் கொண்ட ஒரே ஒரு வண்டி ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுத்தது. அதுபற்றியே இம்முறை எழுத நேர்ந்தது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய குடும்பம் அது. பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டாத வீடு. அவ்வீட்டு இளைஞர், கணினித் துறையில் நல்ல ஊதியம் பெறுபவர், 2017ஆம் ஆண்டில் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். என்னும் காரை இரண்டாங்கையாக வாங்கினார். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், விரைவுக்கென்றே செய்யப்பட்டது. நிறம் பளிச்சென்ற நீலம். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நிறத்தை வெள்ளையாக மாற்றப்போகிறேன் என்றார். நல்ல வண்ணத்தை ஏன் அழிக்கவேண்டும் என்று தந்தையார் கேட்டார், விடை இல்லை. பட்டறையில் கேட்ட தொகையோ பெரிது. அத்தொகையைக் கேட்டு அன்னையார் வருந்தினார். வீட்டில் பேச்சு தடித்தது. மாலைநேரம் கூடியிருந்தபோது உறவினர் ஒருவர், “நீல இலேசியையிலிருந்து சுக்ல இலேசியைக்குப் போகிறான், தடுக்காதீர்கள்” என்று நகையாடினார். அனைவரும் சிரித்தனர். அவ்விளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. அதை நாம் கவனித்தோம்.

காரின் நிறத்தை மாற்றுவது எளிய வேலையன்று. பட்டறைக்காரர் ஒருவரிடம் நின்று கேட்டறிந்தோம். முதலில் டிங்கர் வேலை. நெளிவுகளைத் தட்டி நிமிர்த்திப் பட்டி வைத்து அடைக்கவேண்டும். பிறகு உப்புத்தாள் கொண்டு பழைய பூச்சின் வழவழப்பைத் தேய்த்தெடுக்கவேண்டும். வழவழப்பின்மேல் எதுவும் ஒட்டாது. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறப்பூச்சு, அதன்மேல் ஒளிரும் தெளிபூச்சு. இத்தனை செய்தாலும், கதவைத் திறந்தால் இடுக்கிலே பழைய நிறம் தெரியும். எஞ்சின் மூடியைத் தூக்கினால் அங்கும் தெரியும். முற்றும் மறைக்கவேண்டுமாயின் கதவு, மூடி, கண்ணாடி, எஞ்சின் யாவற்றையும் கழற்றவேண்டும். அவ்வளவு செலவு செய்பவர் அரியர். “வெளியே வெள்ளை, திறந்தால் நீலம். எத்தனையோ வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன ஐயா” என்றார் அவர். பூச்சின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும் சிறு கருவியும் வந்திருக்கிறது. பழைய வண்டி வாங்குவோர் அதை வைத்துப் பார்த்தவுடன் பூச்சுமேல் பூச்சு ஏறியிருப்பது வெளியாகிவிடும்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்து மூத்தோர்க்கு ஒரு பழைய கார் நினைவுக்கு வரக்கூடும். வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1985 முதல் சில ஆண்டுகள் ஸ்டாண்டர்டு 2000 என்றொரு கார் செய்யப்பட்டது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, அந்நாட்டுக் காவல்துறையினர் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு விரைவுக்காக விரும்பி ஓட்டிய வடிவம். இங்கே அதனுள் வைத்ததோ பழைய வான்கார்டு காரின் வழிவந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். பார்த்தவர் வியந்தனர், வாங்கி ஓட்டியவர் வியக்கவில்லை. 1988இல் அதன் உற்பத்தி நின்றது. புறத்தோற்றம் ஒன்றாகவும் அகத்தே இயங்குவது வேறாகவும் இருப்பதற்கு நம் தாம்பரத்தருகிலேயே சான்று இருந்திருக்கிறது.

இனி இலேசியைக்கு வருவோம். உறவினர் நகைக்காகச் சொன்னாலும் அவர் தொட்டது ஆழ்ந்த பொருள். இலேசியை இருவகைப்படும்: திரவிய இலேசியை, பாவ இலேசியை. முன்னது உடலின் நிறம், நாமவினையால் அமைவது. பின்னது உயிரின் நிறம். கஷாயங்களால் சாயமேறிய மனமொழிமெய்களின் இயக்கம். கருமை, நீலம், புறா நிறம் ஆகிய மூன்றும் தீயன. பொன்மை, தாமரை, வெண்மை ஆகிய மூன்றும் நல்லன. பழமரத்தின் அடியில் நின்ற அறுவரின் கதையை நம் பிள்ளைகளும் அறிவர். வேரோடு சாய்க்க எண்ணியவன் முதல், தாமே உதிர்ந்த பழத்தைப் பொறுக்க எண்ணியவன் வரை. விரிக்கவேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். கஷாயம் என்னும் சொல்லுக்கு ஆசாரியர்கள் தரும் விளக்கம் சாயத்தொழிலிலிருந்து வந்தது. ஆலம்பட்டை முதலியவற்றின் துவர்ச்சாறு ஆடையில் சாயத்தைப் பற்றவைக்கிறது. அதுபோல் வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று ஆகியவை உயிரில் வினையைப் பற்றவைக்கின்றன. பட்டறைக்காரரின் பிரைமர் செய்யும் வேலையும் அதுவே. பற்றுள்ளத்தின் வன்மையைக் கூறும்போதும் கோம்மடசாரம் நான்கு கறைகளை உவமை காட்டுகிறது: பூச்சிச் சாயம், வண்டியச்சின் மை, உடல் அழுக்கு, மஞ்சள். மஞ்சள் வெயிலில் போய்விடும். உடல் அழுக்கு நீரில் போகும். அச்சுமை பெருமுயற்சியால் போகும். பூச்சிச் சாயமோ துணி கிழிந்தாலும் போகாது. வண்டி வாங்கும் ஆசையை வண்டியச்சின் மையோடு சேர்த்து எண்ணிப்பார்க்க ஏதுவாக முன்னோர் சொல்லிவைத்தது வியப்பே!

அந்நூல் நீல இலேசியையுடையோனின் அடையாளங்களையும் கூறுகிறது. மிகுந்த உறக்கம், பிறரை வஞ்சிப்பதில் திறமை, பொருள்மேல் தீராத விருப்பம். புறா நிறத்தவனோ தன்னைப் புகழ்வோர்க்கு வாரி வழங்குவான். நீலக் காரை வைத்திருப்பவன் நீல இலேசியையன் அல்லன். வெள்ளைக் கார் வெண்மை தருவதும் அன்று. நேமிநாதப் பெருமானின் திருமேனி கரிய நிறம் என்பதை நாம் அறிவோம். ஆரணி வட்டாரத்தில் திருமலைக் குன்றில் உயர்ந்து நிற்கும் அப்பெருமானை வணங்கி வந்தவர் நம்மில் பலர். திரவியத்தால் கருமேனி, பாவத்தால் சுக்லம். இதை அவ்விளைஞரிடம் தனித்திருக்கையில் கூறினோம். கூறிவிட்டு, “தம்பி, வெள்ளையின் மீது உனக்கு விருப்பமா? அன்றி நீலத்தின் மீது அச்சமா?” என்று கேட்டோம்.

நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். பிறகு சொன்னார்.

வண்டி வாங்கிய நான்காம் நாள் இரவு, பதினொரு மணிக்குமேல், பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையில் அதன் விரைவைக் காணச் சென்றிருக்கிறார். வேலை ஏதுமில்லை, விரைவைக் காண்பதே வேலை. சாலையைக் கடந்த நாயொன்றின்மேல் மோதிவிட்டார். ஓரத்துத் தேநீர்க் கடையருகே சிலர் எழுந்து நின்று கூவியது கண்ணாடியில் தெரிந்தது. நிறுத்தவில்லை. அன்றுமுதல் அவ்வழியே செல்லவில்லை. “அந்த நீலத்தைப் பார்த்தால் என்னை அறிந்துகொள்வார்கள் ஐயா. எனக்கும் அதைக் காணப் பொறுக்கவில்லை” என்றார்.

சிராவகர்களே, நேமிநாதரும் தேரில்தான் வந்தார். இராசமதியாரை மணக்க ஊர்வலமாக வந்தவர், விருந்துக்கென அடைத்துவைத்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டார். தேரை நிறுத்தினார்; காரணம் கேட்டார்; தேரைத் திருப்பினார். மணமும் அரசும் அங்கேயே முடிந்தன. கிர்நார் மலையை நோக்கிச் சென்றார். அக்கதையை நாம் பன்முறை சொல்லியிருக்கிறோம்; திருமணத்தைத் துறந்த பெருமையையே பேசியிருக்கிறோம். தேர் நின்றதே, அதை எண்ணிப் பார்த்திலோம். அவ்விலங்குகளைப் பெருமான் துன்புறுத்தவில்லை, எனினும் நின்றார். நாமோ துன்புறுத்தியபின்னும் நிற்பதில்லை.

இருளில் குறுக்கே ஓடிவந்ததற்கு ஓட்டுபவன் என்ன செய்வான் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் விழிப்பின்றி ஒழுகுவோனுக்குக் கொலை உறுதி. விழிப்போடு ஒழுகுவோனுக்கு நேர்ந்துவிட்ட கொலையளவில் வினைக்கட்டு இல்லை என்பது பொன்னூர் மலையோடு நாம் இணைத்துப் போற்றும் குந்தகுந்தாசாரியரின் தீர்ப்பு. ஆகலின் நாய் வந்ததா என்பதைவிட விழிப்பு இருந்ததா என்பதே வினா. முனிவர் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி அடிவைப்பர். காணும் தொலைவுக்குள் நிற்கக்கூடிய நடை அது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ இருபத்தெட்டு மீட்டர் போய்விடுகிறது. கண் கண்டு கால் அழுத்துவதற்குள் ஒரு நொடி கழிந்துவிடும். விளக்கொளி எட்டும் இடத்திற்குள் நிற்க இயலாத விரைவில், பயனேதுமின்றிச் சென்றால், அதனை நம் நூல்கள் அநர்த்ததண்டம் என்னும். அவற்றுள்ளும் பிரமாதசரியை என்னும் வகை. பயனில்லாமல் நிலத்தைக் கிளறுவதும், நீரை இறைப்பதும், வீணே சுற்றித்திரிவதும் அதன்பாற் படும். நம் பெரியோர்களில் பலர் கொல்லாவிரதத்தைத் தட்டில் மட்டுமே தேடுகிறார்கள். சாலையில் தேடுவாரைக் காண்பது அரிதாக இருக்கிறது.

இனி நிறமாற்றம். வெள்ளை பூசுவதில் குற்றமில்லை. ஆனால் நடந்ததை மறைக்கப் பூசினால், பூசும் கை வஞ்சம் என்னும் கஷாயத்தில் தோய்கிறது. நீல இலேசியையின் அடையாளமே வஞ்சம் என்று மேலே கண்டோம். காரிலுள்ள நீலம் நீங்க, அந்நீலம் உள்ளே ஏறிக்கொள்கிறது! அரசின் சட்டமும் இதில் ஒருவாறு நம் பக்கம் நிற்கிறது. வண்டியின் பதிவுச் சான்றில் நிறமும் ஒரு விவரம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றில் ஏற்றவேண்டும். சொல்லாமல் மாற்றிய நிறம் குற்றம். மாறியதைச் சென்று சொல் என்கிறது சட்டம். செய்ததைச் சென்று சொல் என்கிறது அறம்.

ஒன்பது வகைப் பிராயச்சித்தங்களுள் முதலாவது ஆலோசனை. அதாவது பிழையை மறையாது எடுத்துரைத்தல். அதற்கும் பத்துக் குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. பிறர் கண்ட பிழையை மட்டும் சொல்லுதல் ஒன்று. சிறுபிழையைச் சொல்லிப் பெரும்பிழையை மறைத்தல் ஒன்று. பலர் கூடிய இரைச்சலில் கேளாதபடி சொல்லிவிடுதல் ஒன்று. அந்தக் கடைசிக் குற்றத்தை ஆண்டுதோறும் பர்வநாளில் நாமே செய்திருக்கிறோமோ என்று அஞ்சுகிறோம். கூட்டத்தோடு கூட்டமாய்ப் பிரதிக்கிரமணப் பாடத்தை ஓதிவிட்டு, எந்தப் பிழைக்கென்று எண்ணாமலே எழுந்துவிடுவது எளிது.

அவ்விளைஞருக்கு நாம் விதித்தது ஏதுமில்லை. விதிக்கும் தகுதியும் நமக்கில்லை. மனிதர்க்கு இலேசியை அந்தர்முகூர்த்தத்திற்குள், அதாவது நாற்பத்தெட்டு நிமிடம் நிறைவதற்குள் மாறவல்லது என்பதை மட்டும் கூறினோம்.  “பட்டறையில் வண்டி எத்தனை நாள் நிற்கும்?” என்று கேட்டோம். பத்து நாளாகும் என்றார். அவ்வளவில் எழுந்து சென்றார்.

மறுநாள் விடியலில் அந்தச் சாலைக்கு அதே வண்டியில் சென்றிருக்கிறார். தேநீர்க் கடைக்காரர் வண்டியைப் பார்த்தவுடன் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாராம். இவர் இறங்கி, “அன்றிரவு வந்தது நான்தான்” என்று கூறினார். அங்கிருந்த ஆட்டோ ஓட்டுநர்கள் கடுஞ்சொற்களால் ஏசினர். கேட்டுக்கொண்டு நின்றார். நாய் அன்றே இறந்துவிட்டது. அவர்களே சாலையோரத்தில் புதைத்திருந்தனர். அதற்கு மூன்று குட்டிகள் இருந்தன. கடைக்குப் பின்புறம் ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தவற்றை ஒருவர் காட்டினார். இரண்டு நாளுக்கொருமுறை பாலும் சோறும் கொண்டுசெல்கிறார் என்று அவர் அன்னையார் நம்மிடம் சொன்னார். பகலிலேயே சென்று திரும்புகிறாராம். இரவில் காரணமின்றி வண்டி எடுப்பதில்லை என்று வீட்டு ஜினபிம்பத்தின் முன் ஓராண்டுக்கு நியமம் ஏற்றிருக்கிறார்.

இதை எழுதும் நாளில் வண்டி அவர்கள் தெருவில் நீலமாகவே நிற்கிறது. முன்பக்கத்து நெளிவு இன்னும் தட்டப்படவில்லை. நிறத்தைப்பற்றி அவர் மீண்டும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. மூன்று குட்டிகளில் ஒன்றை மட்டும் வீட்டிற்குக் கொண்டுவரலாமா என்று அன்னையாரைக் கேட்டிருக்கிறார். பொழுது சாய்ந்தபின் அதற்கு எப்படி உணவிடுவது என்னும் கேள்வி இப்போது அவ்வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.