பள்ளிச் சேர்க்கையும் குடியேற்றச் சான்றும்

டெக்சாஸ் மாநிலம் 1975இல் தன் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. முறையான அனுமதியின்றி அமெரிக்காவுக்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநில நிதி கிடையாது, அவர்களைச் சேர்க்க மறுக்கவும் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களுக்கு உரிமை உண்டு என்றது திருத்தம். 1977இல் டைலர் நகரப் பள்ளி நிர்வாகம் அத்தகைய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டச் சொன்னது. மெக்சிகோவிலிருந்து வந்து கூலி வேலை பார்த்த பெற்றோரால் அதைக் கட்ட முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982 ஜூன் 15 அன்று, ‘ப்ளைலர் எதிர் டோ’ என்ற அவ்வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது.

எதிர்த் தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். எந்தப் பிள்ளைக்கும் தொடக்கக் கல்வியை மறுப்பது அறிவுள்ள சமூகம் செய்யும் காரியமல்ல என்று அவரும் ஒப்புக்கொண்டார். அதைத் திருத்த வேண்டியது சட்டமன்றமே, நீதிமன்றம் அல்ல என்பதே அவர் வாதம். ஆக, ஒன்பது நீதிபதிகளும் பிரிந்து நின்றது அதிகார வரம்பைப் பற்றிய கேள்வியில். அந்தச் சட்டம் நல்லது என்று வாதாட அவர்களில் ஒருவரும் முன்வரவில்லை.

ஆனாலும் கேள்வி முடிந்துபோகவில்லை. பள்ளிகள் குடியேற்றச் சான்று கேட்க வேண்டும் என்று விதித்து, இல்லாதவர்களிடம் கட்டணம் வாங்கவும், சேர்க்கையை மறுக்கவும் இடம் தரும் மசோதாவை 2025இல் டென்னசி மாநில செனட் நிறைவேற்றியது. அந்த ஆண்டு அது கீழவையைத் தாண்டவில்லை. இப்படிக் கேட்பவர்களை வெறும் வன்மம் கொண்டவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லையைக் காப்பது வாஷிங்டனின் பொறுப்பு. காவல் தளர்ந்தால் கூடுதல் வகுப்பறையும் மொழிப்பயிற்சி ஆசிரியரும் தேடி அலைவது உள்ளூர்ப் பள்ளி. முடிவெடுப்பவர் ஒருவர், செலவைச் சுமப்பவர் வேறொருவர் என்பது நியாயமான குறை.

இவர்களின் வலுவான வாதம் வேறொன்று. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளைகள் துன்பப்படுவது உலக வழக்கம். தகப்பன் சிறைக்குப் போனால் பிள்ளை தவிக்கிறது. அதற்காகக் குற்றவாளியை யாரும் விட்டுவிடுவதில்லை. பள்ளிக்கு மட்டும் ஏன் தனி நியாயம் என்கிறார்கள். இதற்கு விடை சொல்லாமல் ‘குழந்தைகள் பாவம்’ என்று இரங்குவதால் மட்டும் அறம் நிலைபெறாது.

விடை இதுதான். தகப்பனைச் சிறையில் அடைக்கும்போது தண்டனை தகப்பனுக்கு. பிள்ளைக்கு நேரும் துன்பம் அதன் பின்விளைவு. அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது அரசின் கடமை. பள்ளியை மறுக்கும்போது அப்படியில்லை. பிள்ளை எழுத்தறியாமல் போவதே அங்கே கருவி. அந்த இழப்பைக் கண்டு பெற்றோர் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பதே கணக்கு. பிள்ளைக்கு வலிக்காவிட்டால் சட்டம் வேலை செய்யாது. எல்லை கடந்ததில் எந்த முடிவும் எடுக்காத ஏழு வயதுப் பிள்ளையை இப்படிக் கருவியாக்குவதை எந்த நோக்கமும் நியாயப்படுத்தாது. பெரியவருக்கு விதிக்கும் அபராதத்தைப் பின்னால் திருப்பித் தரலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் போன மூன்று ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

‘மறுக்க வேண்டாம், கணக்கெடுக்க மட்டும் செய்வோம்’ என்ற நடுவழியும் உண்டு. அலபாமா 2011இல் அதை முயன்று பார்த்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் குடியேற்ற நிலையைப் பள்ளிகள் கேட்டறிய வேண்டும் என்றது சட்டம். யாரையும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை. அது நடைமுறைக்கு வந்த சில நாட்களிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே நாளில் வகுப்புக்கு வரவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களுக்கும் பெற்றோர் பிடிபடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. அவர்களுடைய தாய் தகப்பனிடம் சான்று இல்லாமலிருக்கலாம் அல்லவா? அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பிடிபடுவோம் என்று அஞ்சுகிறவரிடம் கேள்வி கேட்பதே கதவை அடைப்பதற்குச் சமம் என்பதை அலபாமா காட்டியது.

செலவுக் கணக்கையும் முழுதாகப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகள் பெரிதும் சொத்து வரியால் நடக்கின்றன; வாடகைக்கு இருப்பவர் அதை வாடகையோடு சேர்த்துத் தருகிறார், கடையில் விற்பனை வரியும் கட்டுகிறார். பிள்ளைகளுக்கு ஆகும் செலவை அது ஈடுகட்டாமல் போகலாம். ஆனால் ஏழைக் குடிமகன் கட்டும் வரியும் அவன் மூன்று பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஈடாகாது. கட்டியவன் பிள்ளைக்கு மட்டும் என்று பொதுப்பள்ளி ஒருநாளும் நடந்ததில்லை. உள்ளூரின் சுமை உண்மையானது என்றால் அதற்கான நிதியை மத்திய அரசிடம் கேட்டுப் பெறுவதுதான் நேர்வழி. கொடுக்க வேண்டியவரை விட்டுவிட்டு, ஓட்டுரிமையும் குரலும் இல்லாத பிள்ளையிடம் வசூலிப்பது கோழைத்தனம்.

இந்த வாதம் எல்லைகளையே மறுப்பதல்ல. பிள்ளை அந்தப் பள்ளி வட்டாரத்தில்தான் வசிக்கிறதா, வயது என்ன, தடுப்பூசி போட்டாயிற்றா என்று பள்ளி கேட்கலாம். இவை பள்ளியை நடத்தத் தேவையான கேள்விகள். பெற்றோர் எப்படி நாட்டுக்குள் வந்தார்கள் என்பது பாடம் நடத்த ஓர் ஆசிரியருக்குத் தேவைப்படாத தகவல். ஒரு குடும்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று அரசு கருதினால், உரிய நடைமுறைப்படி, பெரியவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தந்து அதைத் தீர்மானிக்கட்டும். தீர்மானிக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பதால் எந்தச் சட்டமும் வலுவிழந்துவிடாது.