யாரிடம் கேட்பது?

எங்கள் தெரு அக்கா ஒருவர் விடியுமுன் விராலிமலை மெயின் ரோட்டுக்கு வந்து கம்பெனி வேனுக்காக நிற்பார். கூட்டித் துடைக்கும் வேலை, காண்ட்ராக்ட். "சம்பளம் கூட்டித் தரச்சொல்லி யாருகிட்டக் கேப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "வேன்ல வர்ற சூப்பர்வைசருகிட்டதான்" என்றார். அவருக்கு அந்த அதிகாரமில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

சிங்கப்பூருக்குப் போகும் அண்ணனை வழியனுப்பத் திருச்சி விமான நிலையத்துக்குப் போனபோது, வாசலில் தரை துடைத்த பெண்களைப் பார்த்ததும் அந்தப் பதில் நினைவுக்கு வந்தது. நான் நிற்கும் தரையைத் துடைப்பவருக்கு நான் யார்?

கூட்டுவது, துடைப்பது போன்ற வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாதென்று மத்திய அரசு 1976இல் அறிவித்தது. அதை வைத்துத்தான் ஏர் இந்தியா துப்புரவுத் தொழிலாளர்கள் வழக்காடினார்கள். நிறுவனமே அவர்களை ஏற்கவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தே ஆண்டுகளில், 2001இல், ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அந்தத் தீர்ப்பும் போயிற்று, அந்த அறிவிப்பும் போயிற்று. ஒப்பந்தம் கூலியைக் குறைக்கிறது என்பது பாதிதான். யாரிடம் கேட்பது என்பதையே அது அழித்துவிடுகிறது. பெண்களுக்கு இது புதிதா என்ன? வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள், சமைப்பவளை வேலைக்கு வைத்தவர் மட்டும் யாருமில்லை.

லண்டன் ஹீத்ரோவில் விமானங்களுக்கு உணவு தயாரித்த பெண்களில் பலர் பஞ்சாபிகள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் சமையல் பிரிவை 1997இல் கேட் கோர்மே நிறுவனத்துக்கு விற்றிருந்தது. 2005 ஆகஸ்டில் அந்த நிறுவனம் சுமார் 670 பேரை வேலைநீக்கம் செய்தது. சிலருக்கு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. மறுநாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். இன்னொரு கம்பெனி ஆட்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம்தராது. ஆனாலும் விமானங்கள் நின்றன.

பல்லாயிரம் பயணிகள் தவித்தார்கள். அவர்களில் என் அண்ணன் இருந்திருந்தால்? ஒருநாள் கூலி போயிருக்கும். அவரும் காண்ட்ராக்டில்தான் போகிறார். எனக்குக் கோபம் வந்திருக்கும், மறைப்பானேன். அந்தக் கோபம் முதலில் கண்ணில் படும் பெண்மீதுதான் பாய்ந்திருக்கும். மலிவான டிக்கெட்டும் சுத்தமான தரையும் எனக்கு எப்படிக் கிடைக்கின்றன என்று கேட்காமல் அனுபவித்துவிட்டு, அவை நின்ற அன்று மட்டும் நியாயம் பேச எனக்கு உரிமை உண்டா? எனக்கு நஷ்டம் நிஜம்தான். ஆனால் அந்த நஷ்டத்துக்கு நான் கணக்குக் கேட்கவேண்டிய இடமும் அவர்கள் கூலி கேட்கவேண்டிய இடமும் ஒன்றுதான்.

ஹீத்ரோ கதையை அக்காவிடம் சொன்னேன். எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"கூட நின்னாங்களே, அவங்க இவங்களுக்கு யாரு?"

சிலர் சொந்தக்காரர்கள், பலர் யாருமில்லை என்றேன்.

"யாருமில்லையா?" என்று திரும்பக் கேட்டபடியே வேனில் ஏறினார்.