தலைக்கு ஐயாயிரம்

1981-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் பெரும்பாலோர் 1965–66-ல், விசுவாவசு வருடத்தில் பிறந்தவர்கள். தமிழ் வருடங்கள் அறுபதும் ஒரு சுற்று முடித்து, 2025–26-ல் அதே விசுவாவசு திரும்பி வந்தது. அறுபதாம் வயதுக்கு இங்கே இத்தனை மரியாதை இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக வரிசையில் நிற்கும் தம்பதிகளை நெடுநாளாகப் பார்த்து வருகிறோம். சமீப காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு பள்ளியின் ஒரு 'செட்' முழுவதும் ஒன்றுகூடி, எல்லாருடைய அறுபதையும் ஒரே நாளில் கொண்டாடிவிடுகிறது.

மொத்தமாகக் கொண்டாடுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. இந்தத் தலைமுறையில் பலருக்கு உண்மையான பிறந்த தேதி தெரியாது. கையைத் தலைக்கு மேலாக வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, தனக்குத் தோன்றிய ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டவர் தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்தநாளைப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு கொண்டாடுவதுதானே முறை.

சிக்கல் செலவில் வருகிறது. ஏற்பாட்டுக் குழு என்று நாலு பேர் இருப்பார்கள். சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடியாடுகிற நல்லவர்கள்தான். ஏற்காட்டிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஒரு ரிசார்ட், இரண்டு பகல், ஓர் இரவு. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, கேக், டிரோன் வைத்து ஒரு வீடியோ. கூட்டி வகுத்தால் தலைக்கு ஐயாயிரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாட்சாப் குழுவில் ஜீபே எண் வந்து விழுகிறது. அதன் கீழே பெயர்ப் பட்டியல். பணம் போட்டவர் பெயருக்கு நேரே ஒரு பச்சை டிக். ஒவ்வொரு டிக் விழும்போதும் பட்டியல் முழுவதும் மறுபடி வருகிறது, 'மீதி நண்பர்களும் சீக்கிரம்' என்ற வரியோடும் கைகூப்பிய பொம்மையோடும். பத்து நாளில் பட்டியல் பச்சையாகிவிடுகிறது, நாலைந்து பெயர்களைத் தவிர. அந்த நாலைந்து பெயர்களும் தினம் இரண்டு தடவை அத்தனை பேர் கைபேசியிலும் டிக் இல்லாமல் வந்து போகின்றன. ஒரு நாள் அவர்களில் ஒருவர், 'அன்னிக்கு மச்சினன் வீட்ல விசேஷம், வர முடியாதுப்பா' என்று எழுதுகிறார். விசேஷம் எதுவும் இருக்காது.

எல்லாரும் சமமாகப் போடுவதில் என்ன தவறு என்று குழுவினர் கேட்கலாம். அந்தக் கேள்வியில் வலு இருக்கிறது. நட்பில் உசத்தி தாழ்த்தி கிடையாது. ஒருவனுக்கு ஐயாயிரம், இன்னொருவனுக்கு ஆயிரம் என்று வைத்தால் அந்த ஆயிரம் ரூபாய்க்காரனை அவமானப்படுத்துவது போல் ஆகாதா? பணம் இல்லாதவன் என்று ஒருவனை முன்கூட்டியே முடிவு செய்ய நாம் யார்? சம பங்கு கேட்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை என்பார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. உதவி செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் மனிதரைச் சிறுமைப்படுத்திய கதைகள் நமக்கு நிறையத் தெரியும்.

ஆனால் அறுபது எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58-ஆக இருந்து, 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. இந்த செட்டில் அரசு வேலைக்குப் போனவர்கள் பணிக்கொடையும் விடுப்புப் பணமும் கையில் வாங்கி வெளியே வருவது இந்த அறுபதில்தான். அதே 60 வயதில்தான் ஆதரவற்றவர்கள் முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கலாம். 2023-ல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர் கருவூலத்திலும் மற்றவர் கிராம நிர்வாக அலுவலர் முன்னாலும் ஒரே மாதத்தில் காகிதக் கட்டோடு நிற்பது நடக்கிற விஷயம்தான். நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2025–26-க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். ஐயாயிரம் என்பது அந்தக் கணக்கில் 15 நாள் உழைப்பு. அதுவும் வேலை கிடைத்து, கூலி குறையாமல் கைக்கு வந்தால். ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியருக்கு அதே தொகை ஒன்றிரண்டு நாள் சம்பளம். ஒரே தொகையைக் கேட்பதால் இருவரிடமும் ஒரே அளவு கேட்டதாக ஆகிவிடாது.

எல்லாரும் சமம் என்ற நினைப்பை இவர்களுக்குக் கொடுத்தது பள்ளிக்கூடம். அங்கே அந்தச் சமத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, ஊர் ஊராக நன்கொடை திரட்டி மதிய உணவும் சீருடையும் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்பு அரசு அந்தச் செலவைத் தாங்கியது. அறுபதுகளில் உயர்நிலைப் பள்ளிவரை சம்பளம் கட்ட வேண்டாம் என்றானது. இந்த செட் தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருந்த எழுபதுகளில், தட்டில் விழுந்தது அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு அனுப்பிய கோதுமையில் கிண்டிய உப்புமா. வெள்ளைச் சட்டையும் காக்கி டவுசரும் வீட்டு நிலைமையை முழுக்க மறைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. தட்டோடு வரிசையில் நின்றவன் யார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவன் யார் என்று வகுப்புக்கே தெரியும். யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதும் தெரியும். ஆனாலும் உள்ளே வந்து உட்கார யாரும் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கவில்லை. யாரோ ஒரு விவசாயி கொடுத்த நெல்லும், முகம் தெரியாத ஒருவர் கட்டிய வரியும், கடல் தாண்டி வந்த கோதுமையும் சேர்ந்துதான் இவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தன. அறுபதாம் வயதில் மாட்டிக்கொள்ளும் டி-ஷர்ட்டைப் பார்த்தால் சீருடை நினைவு வரலாம். காசு கட்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளும் சீருடை அது.

கூடப் படித்தவன் பிற்காலத்தில் எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி பழையது. மகாபாரதத்தில் துருபதனும் துரோணரும் பரத்வாசரின் ஆசிரமத்தில் ஒன்றாகப் படித்து விளையாடியவர்கள். துருபதன் பாஞ்சாலத்துக்கு அரசனானான். வறுமையில் இருந்த துரோணர் பழைய நட்பைச் சொல்லிக்கொண்டு அவன் சபைக்குப் போனார். சமமானவர்களுக்குள்தான் நட்பு, அரசனுக்கும் ஏழைக்கும் ஏது என்று கேட்டு அனுப்பிவிட்டான் துருபதன். துரோணர் அந்த விதியை மறுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அர்ச்சுனனை ஏவி அவனைக் கட்டி இழுத்துவரச் செய்து, நாட்டில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, இப்போது சமமாகிவிட்டோம், இனி நாம் நண்பர்கள் என்றார். சமம் என்பதை நட்புக்கு நுழைவுக் கட்டணமாக வைத்தவர்கள் இருவருமே. அதன் கணக்கு குருட்சேத்திரம்வரை போய்த்தான் தீர்ந்தது.

குசேலர் கதையில் நிலைமை அதேதான், நடப்பது வேறு. அங்கும் ஒரே குருவிடம் படித்த இருவர், ஒருவர் அரண்மனையில், மற்றவர் கந்தல் துணியில். குசேலரை நாம் கொண்டாடுவது அவர் வாய் திறந்து எதையும் கேட்காததற்காக. இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. கேட்காமல் இருப்பது ஏழை நண்பனின் குணமாகிவிட்டால், பணக்கார நண்பனுக்கு வேலை குறைந்துவிடுகிறது. ஆனால் கதை அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை. கேட்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வதைக் கண்ணனின் பொறுப்பாக அது வைத்திருக்கிறது. அதோடு, மறைத்து வைத்த அவலைப் பிடுங்கித் தின்றான் என்பதும் இருக்கிறது. வந்தவனும் ஏதோ கொடுத்தவனாகத்தான் திரும்பிப் போனான்.

குழுவினரிடம் இன்னொரு பதில் உண்டு. 'முடியாதவன் தனியா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாங்க பாத்துக்குவோம்.' நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஐயாயிரத்தைவிட விலை கூடியது. நாற்பது வருடமாக மனைவி மக்களிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றை, அன்று கணக்கில் தன்னைப் பார்த்து எழுதியவனிடம் போய் இன்று சொல்ல வேண்டும். பலர் அந்த விலையைக் கொடுப்பதற்குப் பதில் மச்சினன் வீட்டு விசேஷத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

வசதியான ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டால்? நடக்கிறது. உடனே அது அவர் வீட்டு விசேஷமாகிவிடும். ஃபிளெக்ஸில் அவர் படம் பெரிதாகும், மைக் அவர் கைக்கு அடிக்கடி போகும், மற்றவர்கள் விருந்தாளிகள். இதைவிடவும் சங்கடமானது, கஷ்டப்படும் பழைய நண்பருக்கு மேடையில் வைத்து நிதி வழங்குவது. பெரிய அட்டையில் எழுதிய காசோலை, இரண்டு பக்கமும் நான்கு பேர், நடுவில் கைகூப்பியபடி அவர். பணம் அவருக்குத் தேவைதான். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் கைபேசியிலும் அந்தப் படம் வந்து சேரும் என்பதை, எடுத்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

பொதுச் செலவுக்குப் பணம் சேர்க்க நம்மிடம் இரண்டு பழைய வழிகள் இருக்கின்றன. ஒன்று மொய். பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். சில ஊர்களில் மைக்கிலும் படிப்பார்கள். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் மொய் விருந்துகளைப் பார்த்தால், இது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகவே நடப்பது தெரியும். அந்த நியாயத்துக்குள் அதில் குறை இல்லை. எழுதி வைத்தால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். மற்றொன்று உண்டியல். துணியால் வாய் கட்டிய அந்தப் பானையில் யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பச்சை டிக் பட்டியல் மொய் நோட்டின் வாரிசு. சிநேகிதர்களின் அறுபதுக்கு உண்டியல்தான் பொருந்தும். முடிந்ததைப் போடுங்கள், கணக்கைப் பார்ப்பவர் ஒருவர், அவர் வாய் திறக்கமாட்டார் என்று சொல்லிவிட்டால் ஐந்நூறு போட்டவனும் போட்டவன்தான். ஒன்றும் வாங்கமாட்டோம் என்று அவனை ஒதுக்கி வைப்பதும் சரியில்லை. அவலைக் கொண்டுவரும் உரிமை அவனுக்கும் இருக்கிறது.

பணம் பற்றாமல் போனால் என்ன செய்வது? வசதி உள்ள இரண்டு மூன்று பேர் சொல்லாமல் நிரப்ப வேண்டியதுதான். திருக்குறளில் நட்பைப் பற்றி வரிசையாக வரும் ஐந்து அதிகாரங்களில் 81-ஆவது 'பழைமை'. பழகிய நண்பர் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்துவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் அதிகாரம் அது. பொதுவாக நண்பன் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்வதற்காக அதை எடுத்துக்காட்டுவார்கள். கேளாமல் ஒருவன் பங்கைக் கட்டிவிடுவதும் அந்த உரிமைக்குள் அடங்கும். கட்டியதை வெளியே சொல்ல அது இடம் தரவில்லை.

அப்படியும் பற்றாவிட்டால் ரிசார்ட்டை விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளியிலேயே கூடி, மரத்தடியில் பந்தி போட்டு, சாயங்காலம் வீடு திரும்பினால் குறைந்துவிடப்போவது ஒன்றும் இல்லை. ராத்தங்கல் இல்லை என்றால் பெண்களும் கூடுதலாக வருவார்கள்; 'ரெண்டு நாளா? யாரோடு?' என்று வீட்டில் எழும் கேள்விக்கு அறுபது வயதிலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பத்து பேர் தனியாக ஏற்காடு போவது தவறா என்றால், தவறே இல்லை. போகட்டும், நன்றாக இருக்கட்டும். பத்து நண்பர்களின் உல்லாசப் பயணம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டால் போதும். செட்டின் பெயரைப் போட்டு, செட்டில் நாலைந்து பேர் பொய் சொல்லி ஒதுங்கும்படி செய்வதுதான் பிசகு.

செட் என்பதில் யார் யார் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். குழுக்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பட்டியலை வைத்துத்தான் ஆட்களைத் தேடுகின்றன. எட்டாம் வகுப்பில் பீடி சுற்றப் போனவள், ஒன்பதில் தோற்றதும் பட்டறையில் சேர்ந்துவிட்டவன், அப்பா செத்த வருடம் நின்றுபோனவன் யாரும் அதில் வரமாட்டார்கள். பலருக்குப் பத்தாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவனைவிட ஆறாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவன்தான் நெருங்கிய சிநேகிதன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தால் அவர்கள் பெயர் கிடைத்துவிடும். அவர்களில் பலர் வாட்சாப் குழுவில் இருக்கமாட்டார்கள். யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்த்தான் சொல்லிவிட்டு வர வேண்டும். குழுவிலிருந்து யாரையோ அனுப்புவதைவிட, அன்று கூட உட்கார்ந்தவர் போவது நல்லது. போய்ச் சொன்ன பிறகும் ஒருவர் வராமல் இருந்தால், ஏன் வரவில்லை என்று திரும்பக் கேட்கக் கூடாது.